ஏழு ஊசியும் பஞ்சுவின் முடியும்: நீடில் ஃபெல்டிங் கிட், இரண்டரை வருடத்துக்குப் பிறகு

நேற்று ராத்திரி என் நீடில் ஃபெல்டிங் (கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி உருவம் செய்வது) கிட்டின் கடைசி ஊசியும் உடைந்தது. அதனால் இதைக் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடிக்குத் தன் பீகிள் நாயைக் கூட்டிவரும் தங்கச்சி ஒருத்தி, "அக்கா, நீங்க வச்சிருக்கீங்கள்ல அந்த ஊசி செட்டு, இப்ப ஐநூத்தித் தொண்ணூத்தொம்பதுக்குப் போட்டிருக்கான். வாங்கவா?" என்று கேட்டாள். நான் 2022 ஆகஸ்டில் 1,150 ரூபாய் கொடுத்து வாங்கியது. வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு, "எழுதிச் சொல்றேன்" என்றேன்.

பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நிறக் கம்பளி, ஒரு ஃபோம் கட்டை, தோல் விரலுறை இரண்டு, மரப்பிடி ஒன்று, ஏழு ஊசி. கம்பளியை உருட்டி வைத்துக் குத்திக்கொண்டே இருந்தால் இறுகி உருவமாகும். அவ்வளவுதான் வித்தை. நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு பேர். பஞ்சு, ஊரே பொமரேனியன் என்று கூப்பிடுகிற இந்தியன் ஸ்பிட்ஸ். மணி, நாகமலைப் புதுக்கோட்டையில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். வாரம் ஒருநாள் விடிவதற்கு முன்பே கிளம்பிச் சமணர் மலை அடிவாரத்துக்குப் போய்விடுவோம். மலைமேல் இருக்கும் சிற்பங்கள் பக்கம் நாய்களை ஏற்றுவதில்லை. ஒருவர் அந்தச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் ஏறிவிட்டு வரும்வரை இன்னொருவர் கீழே தாமரைக் குளத்துப் பக்கம் இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்போம். அரிட்டாபட்டிக்கு அவர்களைக் கூட்டிப் போவதே கிடையாது. 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், எறும்புத்தின்னியும் தேவாங்கும் உள்ள காடு. அங்கே மணியை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். புறங்கையைப் பாறையில் வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் பஞ்சுவின் பாதத்துக்கும் சுடும்.

வீட்டுக்கு வந்ததும் சீப்புதான். நாயுருவிக்கு அந்தப் பெயரை வைத்தவர் கண்டிப்பாக ஒரு சடை நாய் வளர்த்திருக்க வேண்டும். காது மடல், அக்குள், வால் அடி என்று ஓர் இடம் பாக்கி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். அதைவிட உண்ணி பெரிய கவலை. முந்தின வருடம் உண்ணிக் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கி, மணி பத்து நாள் சுருண்டு கிடந்தான். அதிலிருந்து நடை முடிந்ததும் விரல் விரலாகப் பார்த்து, முக்கால் மணி நேரம் சீவாமல் விடுவதில்லை. சீவச் சீவப் பஞ்சுவின் அடிமுடி, அதாவது மேல்முடிக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற முடி, வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாக வரும். தூக்கிப்போட மனசு வராமல் ஒயர்கூடையில் சேர்த்து வைத்தேன். அம்மா வைதாள். "என்னத்துக்குடி நாய் மசுரச் சேத்து வக்கிற? மெத்த தைக்கப் போறியா?"

கிட்டில் வந்த வெள்ளைக் கம்பளி முதல் மாதமே தீர்ந்துபோனபோது அந்தக் கூடை ஞாபகம் வந்தது. இங்கேதான் இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த சந்தோஷம் ஆரம்பிக்கிறது. ஆட்டுக் கம்பளியின் இழையில் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. ஊசியின் பக்கவாட்டில் வெட்டியிருக்கும் பொடி முட்கள் இழையை உள்ளே இழுத்துப்போகும், செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், திரும்ப வராது. நாய் முடி கொஞ்சம் வழுக்கும். தனியாகக் குத்தினால் பொதபொதவென்றே நிற்கும். பாதிக்குப் பாதி கம்பளியோடு கலந்து, கையால் பிய்த்துப் பிய்த்து ஒன்றாக்கிவிட்டுக் குத்தினால் நன்றாகப் பிடிக்கிறது. கத்தரித்த முடி ஆகாது, சீப்பில் வந்த அடிமுடிதான் வேண்டும். அதைப் பழைய துணிப்பையில் கட்டி, நாய் ஷாம்பூ கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பைய அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். தேய்த்துவிட்டால் அங்கேயே கட்டி தட்டிப்போகும். அவசரத்தில் ஒருமுறை வாளியில் போட்டுக் கசக்கினேன். இட்லி மாதிரி ஆகிவிட்டது.

பஞ்சுவின் முடியிலேயே நாலு அங்குலத்தில் ஒரு பஞ்சு செய்தேன். முதுகில் இருக்கும் லேசான பழுப்புக்கூட அவள் முடியிலிருந்தே கிடைத்தது, சாயம் எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் ஷோகேஸைத் திறந்தால் அதிலிருந்து ஈர நாய் வாசம் வரும். அசல் பஞ்சு அதை முகர்ந்து பார்த்துவிட்டு, யாரையோ வீட்டுக்குள் விட்டுவிட்டோம் என்பது மாதிரி எங்களைப் பார்த்தாள்.

மணி விஷயத்தில் இந்த வித்தை பலிக்கவில்லை. அவன் முடி ஒரு அங்குலம்கூடத் தேறாது, ஊசியால் குத்தினால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அவன் கருப்பு என்பதால், வாடிப்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் நிற்கும் கச்சைகட்டிக் கருப்பு இனச் செம்மறிக் கிடாவிடம் போனேன். முட்டுக்கு வளர்த்த கிடா. அதன் கழுத்தில் சீப்பு வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். எல்லாம் வீண். நம் பக்கத்துச் செம்மறிகளுக்கு உடம்பில் இருப்பது முடிதான், கம்பளி கிடையாது. கறிக்கும் முட்டுக்கும் வளர்க்கிற ஆடுகள். அந்த முடி தென்னை நார் மாதிரி குத்திட்டு நின்றது. கடைசியில் மணியைக் கிட்டில் வந்த கருப்புக் கம்பளியில்தான் செய்தேன். ஜாடை வரவில்லை.

சரி, புகார்களுக்கு வருகிறேன். ஃபோம் கட்டை மூன்று மாதத்தில் நடுவில் குழி விழுந்து உதிர ஆரம்பித்தது. அதன் துணுக்குகள் உருவத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தன. இதற்கு வழி சுலபம். சாக்குத்துணியில் ஒரு ஜான் சதுரத்துக்குப் பை தைத்து, குருணை அரிசியை இறுக்கி நிரப்பிக்கொண்டேன். ஊசிக்கு அரிசி விலகிக்கொடுக்கும், மேடை கெட்டியாகவும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டு வைக்கும். உள்ளே இரண்டு வசம்புத் துண்டு போட்டதிலிருந்து அதுவும் குறைந்தது. அந்தக் குருணையை மறந்துகூட உலையில் போட்டுவிடக் கூடாது. உடைந்த ஊசி முனை உள்ளே கிடக்கலாம்.

ஊசி. எனக்கு இந்தப் பெட்டியோடு தீராத பகை அதில்தான். 36, 38, 40 என்று நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். முரட்டு உருவம் பிடிக்க 36, பொது வேலைக்கு 38, மூக்கு நுனி, கண் ஓரம் மாதிரி இடங்களுக்கு 40. பெட்டியில் ஏழு ஊசியையும் ஒரே பிளாஸ்டிக் குழலில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எது எந்த நம்பர் என்று ஒரு எழுத்து கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கொண்டையில் நெயில் பாலிஷ் தடவி அடையாளம் வைத்தேன். முதல் மாதத்திலேயே நாலு உடைந்தது.

நியாயமாகச் சொன்னால் அதில் பாதி என் தப்பு. குத்தின திசையிலேயே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது நெம்பினால் படக்கென்று போய்விடும், அந்த எஃகு வளையாது. இது தெரியாமல் கோணி ஊசி மாதிரி கையாண்டேன். ஆனால் பழகின பிறகும் மிச்சமிருந்தது ஒவ்வொன்றாகப் போனதே, அதற்கு யார் பொறுப்பு? அவசரத்துக்கு ஒரு ஊசி வாங்கலாம் என்றால் ஊரில் கிடைப்பதில்லை. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் ஆரம்பித்து, தையல் சாமான் விற்கும் நாலைந்து இடங்களில் கேட்டேன். ஒரு அண்ணன் மிஷின் ஊசிகளை எடுத்துப் பரப்பி, "பதினாலா, பதினாறாம்மா?" என்றார். அவரிடம் முள் வைத்த ஊசி என்று விளக்கியபோது, "முள்ளு இருந்தா துணி கிழிஞ்சிராது?" என்று திருப்பிக் கேட்டார். வாங்கிப் பார்த்தேன். மிஷின் ஊசி வழவழவென்று இருப்பதால் எத்தனை குத்து குத்தினாலும் இழை நகராது.

கிட்டை மலையடிவாரத்துக்கும் கொண்டுபோனதுண்டு. அய்யனார் கோயில் பக்கத்து ஆலமரத்தடியில் நாய்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்க, நான் குத்திக்கொண்டிருப்பேன். அந்த மாதிரி நிம்மதி இந்த இரண்டரை வருடத்தில் வேறு எதிலும் கிடைக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஒருநாள் அங்கேயே ஊசி முனை ஒடிந்து மண்ணில் விழுந்தது. கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் நடக்கும் இடம். அரைமணி நேரம் சலித்துத்தான் கிடைத்தது. அதோடு வெளியே ஊசியை எடுப்பதை விட்டுவிட்டேன். இப்போது அங்கே உட்கார்ந்து கம்பளியைப் பிய்த்துக் கலக்குவதோடு சரி. அதில் பாதியைக் காற்று கொண்டுபோகிறது.

நேற்று ராத்திரி பத்தரை இருக்கும். பஞ்சு பொம்மையின் வயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தது, இறுக்கலாம் என்று எடுத்தேன். மிச்சமிருந்த ஒரே 38. பத்து குத்துகூட ஆகவில்லை, கையில் எதிர்ப்பே இல்லாமல் வந்தது. பார்த்தால் முனையைக் காணோம். கீழே பாயில் அசல் பஞ்சு தூங்குகிறாள். அவளை அங்கிட்டு விரட்டிவிட்டு, பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பாய் முழுக்கத் தடவினேன். இரண்டு குண்டூசி, ஒரு ஸ்டேப்ளர் பின், அம்மா தேடிக்கொண்டிருந்த ஹூக் எல்லாம் கிடைத்தது. முனை மட்டும் இல்லை. நாற்பது நிமிடம் கழித்துப் பொம்மையை அழுத்திப் பார்த்தபோது கட்டைவிரலில் சுருக்கென்றது. கத்தரியை எடுத்து அதன் வயிற்றைக் கீறினேன். மூன்று மாதம் செய்த பொம்மை.

அதனால் தங்கச்சி, வாங்காதே. 599 என்ன, 99-க்குக் கொடுத்தாலும் வேண்டாம். நம்பர் போட்ட ஊசியைத் தனியாகத் தருவிக்கலாம். குருணைப் பையை நான் தைத்துத் தருகிறேன். உன் பீகிள் முடி குட்டை, தேறாது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு பை கொண்டுவா, பஞ்சுவின் முடி கூடை நிறைய இருக்கிறது. வீட்டில் நாய் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வை.

காலையில் எழுந்து பார்த்தால் அம்மா பொம்மையை எடுத்து வயிற்றை வெள்ளை நூலால் தைத்து வைத்திருக்கிறாள். பஞ்சுவுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆனபோது போட்ட தையல் மாதிரியே, அதே இடத்தில்.