வளையமா, தகடா? சர்ஃபாக்டன்ட் கரைசலின் பரப்பு இழுவிசையை எதில் அளப்பது

பரப்பு இழுவிசையை அளக்கும் கருவியான டென்ஷியோமீட்டர் வாங்கப் போனால் பிளாட்டினம் வளையம் வேண்டுமா, பிளாட்டினம் தகடு வேண்டுமா என்று கேட்பார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு நான் தகட்டைத்தான் எடுத்தேன். நீங்கள் அளக்கப்போவது சர்ஃபாக்டன்ட் (சோப்பு போலப் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) கலந்த தண்ணீர் என்றால் உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

தூய தண்ணீருக்கு எதை வைத்தாலும் ஒன்றுதான். 25 டிகிரியில் 72 மில்லிநியூட்டன்/மீட்டர் வர வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் எங்கோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்வதும் ஒரே மாதிரிதான், கழுவிவிட்டு நெருப்பில் சிவக்கக் காட்ட வேண்டும். ஆனால் வளையத்தின் கம்பி மெல்லியது, கைபட்டுக் கொஞ்சம் கோணினாலும் அளவு தப்பாகிவிடும்.

முக்கியமான வித்தியாசம் நேரம். 1919-இல் டு நூய் விவரித்த முறையில் வளையத்தைக் கரைசலுக்குள் அமிழ்த்தி, பிறகு மேலே இழுத்து, எழும்பும் படலம் தரும் உச்ச விசையைப் பார்க்கிறோம். இழுக்க இழுக்கப் புதுப் பரப்பு உருவாகிறது, அந்தப் பரப்புக்குச் சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் உள்ளேயிருந்து வந்து சேர வேண்டும், அதற்குள் நீங்கள் அளந்துவிட்டால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். சிஎம்சி-க்கு (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கொத்தாகச் சேரத் தொடங்கும் செறிவுக்கு) வெகு கீழே, நீர்த்த கரைசலில், இந்தத் தாமதம் நிமிடக் கணக்கில் போகும். வில்ஹெல்மி தகடு என்று அழைக்கப்படும் பிளாட்டினம் தகடு அப்படியில்லை. விளிம்பு பரப்பைத் தொட்டபடி அசையாமல் நிற்கிறது. எண் மெல்ல இறங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நின்ற பிறகு குறித்துக்கொள்ளலாம்.

எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்ஃபேட்) என்ற சர்ஃபாக்டன்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிஎம்சி சுமார் 8 மில்லிமோலார். அதில் டோடெக்கனால் என்ற ஆல்கஹால் துளி கலந்திருந்தாலும் செறிவுக்கு எதிரே பரப்பு இழுவிசையை வரைந்தால் சிஎம்சி அருகே வளைகோடு ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும், மருந்து சுத்தமில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். டோடெக்கனால் குறைந்த அளவில் இருப்பதால் பரப்புக்கு வந்து சேர நேரம் எடுக்கும். பொறுத்திருந்து பார்க்கத் தகடுதான் வசதி.

கணக்கும் தகட்டில் எளிது: விசையைச் சுற்றளவால் வகுத்தால் போதும். சுற்றளவு 40 மில்லிமீட்டர் என்றால் தண்ணீருக்குச் சுமார் 0.29 கிராம் இழுவை வரும், அடியில் கொக்கி மாட்ட வசதியுள்ள நல்ல பகுப்பாய்வுத் தராசே அதை அளந்துவிடும். வளையத்துக்கோ 1930-இல் ஹார்க்கின்ஸும் ஜோர்டானும் தந்த மாதிரியான திருத்தக் காரணி வேண்டும், அதற்குக் கரைசலின் அடர்த்தியும் தெரிய வேண்டும். சரி, இப்போதெல்லாம் மென்பொருளே போட்டுவிடுகிறது, அதனால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் சோதிக்கிறவர்கள் வளையத்தையே வாங்குங்கள், அதற்கான ஏஎஸ்டிஎம் டி971 என்ற சோதனைத் தரம் வளைய முறைதான். தொங்கும் துளியின் வடிவத்தை வைத்துக் கணக்கிடும் தொங்கு துளி முறையிலும் காத்திருந்து அளக்கலாம், சில மைக்ரோலிட்டர் கரைசலே போதும். அதை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தகட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சிடிஏபி மாதிரி நேர்மின் சர்ஃபாக்டன்ட் பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டால் தகடு முழுதாக நனையாது, தொடுகோணம் (திரவம் தகட்டைத் தொடும் கோணம்) பூச்சியம் என்ற அடிப்படையே போய்விடும், அளவும் குறைந்து காட்டும். அப்போது பிளாட்டினத்தைக் கழற்றிவிட்டு அதே கொக்கியில் வடிதாள் துண்டு ஒன்றை, நன்றாக நனைத்து, மாட்டுங்கள்; ஒவ்வொரு கரைசலுக்கும் புதுத் தாள்.