தினமும் காலையில் 2011க்குத் திரும்பிய கணினி: காட்பாடி காந்தி நகர்ப் பழுதுநீக்கக் கடை பற்றி

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக் கணினி பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. விண்டோஸ் 7இல் ஓடுவது. பேத்தியின் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த அன்று, முகவரியில் பூட்டுக் குறி வரும் எந்தத் தளமும் அதில் திறக்கவில்லை. கடிகாரம் பின்தங்கியிருப்பதாகத் திரையில் ஓர் எச்சரிக்கை மட்டும் நின்றது. மூலையில் இருந்த தேதியைப் பார்த்தால் 2011 ஜனவரி 1. எதிர்வீட்டுப் பிள்ளை தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தன. மறுநாள் காலையில் மறுபடியும் 2011.

முதலில் கொண்டுபோன கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸ்தான் தேதியை மாற்றுகிறது என்று கூறி, ஃபார்மட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவி, 700 ரூபாய் வாங்கினார்கள். கடையில் சில தளங்கள் திறந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்துவந்தேன். வீட்டில் மின்னிணைப்பைக் கொடுத்தபோது தேதி மீண்டும் 2011இல் நின்றது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால், சிபியுவை ஆட்டோவில் வைத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி காந்தி நகரில் உள்ள இந்தக் கடைக்கு வந்தேன்.

இங்கே இருந்த இளைஞர் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், ராத்திரி ஷட்டவுன் பண்ணினதும் சுவர்ல இருக்கிற சுவிட்சையும் அணைச்சிடுவீங்களா?" ஆம் என்றேன். மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவன் வேறு எப்படிச் செய்வேன்? அவர் சிரிக்காமல், பொறுமையாக விளக்கினார். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப் பலகைக்குச் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருப்பதால் உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடும். சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தக் கடிகாரத்தைத் தாங்குவது சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி மட்டுமே. அது தீர்ந்துபோனால், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளில் பதிந்திருக்கும் ஆரம்பத் தேதிக்கே கணினி போய்விடும். முதல் கடையில் எல்லாம் சரியாக இருந்து வீட்டில் கெட்டதன் காரணம், வழியில் மின்னிணைப்பு இல்லாமல் ஆட்டோவில் வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துக் காட்டினார். பேட்டரியில் 1 வோல்ட்கூட இல்லை. புதியதைப் பொருத்தித் தேதியைச் சரிசெய்தார். முன்னவர்கள் விண்டோஸ் நிறுவியபோது நேர மண்டலத்தை அமெரிக்கப் பசிபிக் நேரத்திலேயே விட்டிருந்ததையும் கவனித்து, இந்திய நேரத்துக்கு மாற்றினார். பிறகு பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் என்னைக் காத்திருக்கச் சொன்னார். மீண்டும் இணைத்தபோது தேதியும் நேரமும் சரியாக இருந்தன. பழுதை நீக்கியதோடு நில்லாமல், நீங்கிவிட்டதா என்று அதே சூழலை உண்டாக்கிப் பார்த்த அந்த அரை மணி நேரத்துக்காகவே இதை எழுதத் தோன்றியது.

தேதிக்கும் தளம் திறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். 2011இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு, இந்த ஆண்டு வழங்கிய சான்றிதழ் இன்னும் செல்லத் தொடங்காத சான்றிதழ். ஆகவே அது இணைய மறுப்பது தன் கணக்கில் நியாயமே.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு தளங்கள் திறக்க மறுத்தன. எச்சரிக்கையை மீறி உள்ளே செல்லும் வழியை நான் அழுத்தப் போனபோது அவர் என் கையைத் தடுத்தார். யார் வழங்கிய சான்றிதழை நம்பலாம் என்னும் மூலப் பட்டியல் அந்த விண்டோஸில் பழைய நிலையிலேயே நின்றிருந்தது. தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பழைய கணினிகளில் ஆதாரமாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. அதன் இடத்துக்கு வந்த புதிய மூலம் என் கணினியில் இல்லை. முதல் கடையில் நிறுவிய பழைய குரோம் உலாவி விண்டோஸின் பட்டியலையே நம்பியிருந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவி தனக்கென்று சொந்தப் பட்டியல் வைத்திருப்பதால், விண்டோஸ் 7க்குப் பொருந்தும் கடைசி வரிசையான 115ஐ வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினார். இரண்டு தளங்களும் திறந்தன.

பேட்டரிக்கு 50, வேலைக்கு 200, ஆக 250 ரூபாய். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டதால், இதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். புதிய கணினி வாங்கும்படி வற்புறுத்தவில்லை. எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தைச் சேர்த்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்று மட்டும் கூறி, அதற்கு ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. வேலை தெரிந்தவர் அவர் ஒருவரே. எனக்கு முன் நால்வர் இருந்ததால் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உட்கார இரண்டு நாற்காலிகள்தான். வேலூர் வெயிலில் மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். ரசீதை நான் கேட்ட பிறகே கொடுத்தார்கள். பேட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை நாள் என்பதையும் கேட்டுத்தான் எழுதி வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பேத்தியின் விண்ணப்பத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டோம். இது நடந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. இரவில் சுவர் சுவிட்சை இப்போதும் அணைக்கிறேன், தேதி ஒரு நாளும் மாறவில்லை. அடுத்த மாத ஓய்வூதியம் வந்ததும் எஸ்எஸ்டி மாற்ற அதே கடைக்குப் போகவிருக்கிறேன்.