ஜன்னல் இடுக்குல நசுங்குன ஃபைபரும் அதை சரி பண்ணின தம்பிங்களும்

பாளையங்கோட்டைல எங்களுது பழைய மாடி வீடு. ஃபைபர் இன்டர்நெட் போட்டு மூணு வருஷம் ஆச்சு, ஆனா வாரத்துக்கு ஒருக்க மோடத்துல எல்ஓஎஸ் லைட்டு, அதாவது சிக்னல் வரலைன்னு காட்டுற லைட்டு, செகப்பா மின்ன ஆரம்பிச்சிரும், ஆள் வருவாரு, கனெக்டரை கழட்டி தொடச்சு மாட்டுவாரு, போயிருவாரு, திரும்ப அதே கததான். ஒயரை ஜன்னல் இடுக்கு வழியா உள்ள விட்ருந்தாங்க, அதை ஒருத்தரும் கண்டுக்கல.

ஆவணில எங்க தெரு கேபிள்காரர்ட்ட மாறினோம். வந்த ரெண்டு தம்பிங்களும் முதல்ல பழைய ஒயர்ல பவர் மீட்டர் வச்சு ஒளி எவ்ளோ வருதுன்னு பாத்தாங்க, ஜன்னலை சாத்தினா மைனஸ் 26 டிபிஎம், தொறந்தா மைனஸ் 22! மைனஸ்ல நம்பர் கூடக் கூட சிக்னல் கம்மின்னு அர்த்தம். மைனஸ் 27 தாண்டினா நிறைய மோடத்துக்கு சிக்னல் பத்தாதுண்ணேன்னு சொன்னப்பதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது.

அப்புறம் சுவத்துல வெளிப்பக்கமா சரிஞ்சாப்ல ஓட்டை போட்டாங்க, மழைத் தண்ணி உள்ள எறங்காம இருக்க வெளிய கேபிளை கொஞ்சம் தொங்கலா வளைச்சு விட்டாங்க, உள்ள பூரா பிவிசி பைப்புக்குள்ளதான் ஓடுது, எங்க வீட்ல எலித் தொல்லை இருக்கதால அது ரொம்ப அவசியம். போட்டது ஜி657ஏ2 ஃபைபர், உள்ள இருக்க கண்ணாடி இழை 7.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைஞ்சாலும் தாங்கும், சாதா ஜி652டிக்கு 30 மில்லிமீட்டர் கணக்கு, அதனால மூலை முடுக்கு உள்ள வீட்டுக்கு இதைத்தான் கேட்டு வாங்கணும்.

எனக்கு ரொம்ப புடிச்சது மோடம்கிட்ட செஞ்ச வேலை. ஒயரை நேரா மோடத்துல சொருகாம சுவத்துல சின்ன டப்பா அடிச்சு, மிஷின் வச்சு இழையை ஒட்டி ஸ்ப்ளைஸ் பண்ணி, ரெண்டு சுத்து மிச்சம் விட்டு, அங்கருந்து மோடத்துக்கு பச்சை கனெக்டர் போட்ட சின்ன ஒயர், அதாவது பேட்ச் கார்டு குடுத்தாங்க. நாளைக்கு யாராவது தட்டி விட்டாலும் பேட்ச் கார்டை மட்டும் மாத்தினா போதும். வெட்டின கண்ணாடித் துணுக்கை எல்லாம் டேப்புல ஒட்டி எடுத்துட்டு போனாங்க, தவழுற புள்ள இருக்க வீடு, நாங்க சொல்லாமலே செஞ்சாங்க, மனசு நெறஞ்சு போச்சு.

குறைன்னா, பைப்புக்கு தனியா 600 ரூபா வாங்கினாங்க, அதை முன்னாடியே சொல்லிருக்கலாம். அரை நாள் வேலை வேற. ஆனா கடைசில மீட்டர் மைனஸ் 19 காட்டுச்சு, ஐப்பசி மழை முழுக்க ஒரு தடவ கூட செகப்பு லைட்டு வரல. மாடி ரூமுக்கு லேன் கேபிள் இழுக்கவும் இவங்களத்தான் வரச் சொல்லிருக்கேன்.