மெட்ரோலாக்கா, ஓவனா? ரப்பர் பாலை அளக்க எதை நம்புவது

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் கருதுகோள், மாறிகள் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். உதாரணம் கேட்டால் மட்டும் பச்சைப்பயறு முளைப்பதும் ஊசல் ஆடுவதும்தான் வரும். அவர்களுடைய பாட்டிமார் தினமும் நிறுத்துக் கூலி வாங்கிய ரப்பர் பால் யாருக்கும் நினைவில் வருவதில்லை. அளவெடுப்பைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல பொருள் நம் ஊரில் இல்லை என்பேன்.

கேள்வி இதுதான்: ஒரு வாளிப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு? மரத்திலிருந்து இறக்கிய பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். வெறும் எடைக்குக் காசு கொடுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் சொல்லும் பழக்கம் கட்டிப்பால் (உறைந்து கட்டியான ரப்பர் பால்) வியாபாரத்தில் உண்டு. அனுபவசாலிகள் ஓரளவு சரியாகவே சொல்வார்கள். ஆனால் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சொன்னது சரி என்று தீர்க்க வழியில்லை. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

தோட்டத்து ஸ்டோர்களில் பயன்பட்டது மெட்ரோலாக். பாலில் மிதக்கும் கருவி. ரப்பர் துகளின் அடர்த்தி சுமார் 0.92, அதைச் சுற்றியிருக்கும் நீர்மத்தின் அடர்த்தி சுமார் 1.02. ரப்பர் கூடக் கூடப் பால் இலேசாகும், கருவி ஆழமாக அமிழும். வழக்கமாக ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வந்த அளவை மூன்றால் பெருக்குவார்கள். 110 என்று காட்டினால் லிட்டருக்கு 330 கிராம் ரப்பர். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. வரிசையில் வாளியோடு நிற்பவர்களுக்கு இந்த வேகம் பெரிய விஷயம்.

அந்த மூன்றைக் கொஞ்சம் கவனியுங்கள். படிப்பதில் 5 தவறினால் விடையில் 15 தவறும். பால் வெண்மையாக இருப்பதால் உள்ளே பார்த்துப் படிக்க முடியாது; கருவியை ஒட்டி ஏறியிருக்கும் மேல் விளிம்பைத்தான், கண்ணை அதே மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நுரை இருந்தால் அதுவும் போச்சு. வெயிலில் சூடான பால் விரிந்து இலேசாகும், அதனால் ரப்பர் கூடுதலாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மழை. மங்கில் (மரத்தில் பால் வடியும் கிண்ணத்தில்) மழைத்தண்ணீர் விழுந்து பால் சரிபாதி நீர்த்துப்போனது என்று வைத்துக்கொள்வோம். 33 சதவீதமாக இருந்த ரப்பர் இப்போது 16.5 சதவீதம். மேலே சொன்ன அடர்த்திகளை வைத்துக் கணக்குப் போட்டால், மெட்ரோலாக் சுமார் 26 சதவீதம் என்ற விடையைத் தரும்! கருவியில் பழுது ஒன்றும் இல்லை. அது அளப்பது அடர்த்தியை மட்டுமே. சுற்றியுள்ள நீர்மம் மாறவில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் அடர்த்தியை ரப்பராக மாற்றிச் சொல்கிறது. மழை அந்த அனுமானத்தைக் கலைத்துவிடுகிறது.

ஓவன் முறையில் அந்த அனுமானம் தேவையில்லை. பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, கழுவி, 70 பாகை செல்சியஸில் உலர்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வினிகரே போதும். தகட்டில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்தது தேன் நிறத்தில் ஒளி ஊடுருவத் தெரியும். அப்புறமும் கண்ணை நம்ப வேண்டாம்; அடுத்தடுத்து இரண்டு தடவை நிறுத்து எடை மாறாமல் இருந்தால்தான் முடிந்தது. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ரப்பர் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். ஆக, விடை கிடைப்பது மறுநாள்தான்.

இங்கே தராசுதான் எல்லாம். 10 கிராம் பாலில் கிடைப்பது 3.3 கிராம் ரப்பர். 1 கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு 3 என்று காட்டும், உண்மை 2.5 முதல் 3.5 வரை எதுவாகவும் இருக்கலாம், அதாவது 25 முதல் 35 சதவீதம். அதே தராசில் 100 கிராம் பாலை எடுத்தால் அந்த அரை கிராம் சந்தேகம் அரை சதவீதமாகச் சுருங்கிவிடும். நல்ல தராசு இல்லாதவர்கள் மாதிரியைப் பெரிதாக எடுங்கள், தகட்டை மட்டும் மெல்லியதாக்க மறக்காதீர்கள்.

அன்றாட வேலைக்கு மெட்ரோலாக், சச்சரவு வந்தால் ஓவன் என்பது என் முடிவு. வகுப்பறைக்கு என்றால் இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஒரே வாளிப் பாலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு தண்ணீர் கலந்து, இரண்டு முறையிலும் அளக்கச் சொல்லுங்கள். கலந்த தண்ணீர் தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் சார்பு மாறி (அதனால் மாறுவது). வெப்பநிலையும் அளவைப் படிக்கும் ஆளும் மாறக் கூடாது. தண்ணீர் கூடினால் வித்தியாசம் கூடும் என்ற கருதுகோளைப் பிள்ளைகள் அளப்பதற்கு முன்பே எழுதி வைக்கட்டும். பள்ளியில் ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால் 0.01 கிராம் காட்டும் தராசை வாங்குங்கள். மெட்ரோலாக்கைப் பழைய ஸ்டோர் ஆட்களிடம் இரவல் கேட்டுப் பார்க்கலாம்.