வைல்ட்ஃபிளைக்குள் நெட்டி 4.1: ஓடவைப்பது சுலபம், நிறுத்துவதில்தான் வேலை

டிசிபியில் சொந்த பைனரி புரோட்டோகால் பேசும் கருவிகளின் தகவலை வைல்ட்ஃபிளை என்ற ஜாவா அப்ளிகேஷன் சர்வரில் ஓடும் ஈஜேபிகளிடம் (சர்வர் நிர்வகிக்கும் ஜாவா கூறுகள், சுருக்கமாக பீன்கள்) கொண்டுசேர்க்க நெட்டி என்ற ஜாவா நெட்வொர்க் லைப்ரரி அருமையான தேர்வு. ஆனால் நெட்டியின் மாதிரி நிரல்கள் மெயின் மெத்தடில் தொடங்குபவை. அப்ளிகேஷன் சர்வரில் ஆப் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

சிங்கிள்டன், ஸ்டார்ட்அப் அனோட்டேஷன் இரண்டும் உள்ள ஒரு பீன் (ஒரே பிரதியாக, ஆப் ஏறும்போதே உருவாவது) போதும். பீன் உருவானதும் ஓடும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில் நெட்டியின் சர்வர்பூட்ஸ்ட்ராப்பை அமைத்து, போர்ட்டைப் பிடிக்கும் பைண்டுக்கு மட்டும் சிங்க் (முடியும்வரை காத்திருப்பு) போடுங்கள். மாதிரி நிரலில் இருக்கும், சேனல் மூடும்வரை காத்திருக்கும் குளோஸ்ஃபியூச்சர் சிங்க் வரியையும் சேர்த்து ஒட்டினால் அந்த மெத்தட் திரும்பி வராது. இயல்பான அமைப்பில் வைல்ட்ஃபிளை 300 விநாடி பார்த்துவிட்டு டிப்ளாய்மென்டைக் கைவிடும்.

இணைப்புகளைக் கவனிக்கும் த்ரெட் தொகுப்பான ஈவென்ட்லூப் குரூப்புக்கு எண்ணிக்கை கொடுக்காவிட்டால் கோர்களைப்போல் இரு மடங்கு த்ரெட் எடுத்துக்கொள்ளும். சர்வரின் மற்ற பூல்களும் அதே கோர்களை நம்பித்தான் இருக்கின்றன. ஏற்பதற்கு 1, படிப்பதற்கு 2 அல்லது 4 என்று தொடங்கி, அளந்து பார்த்து ஏற்றுங்கள். கூடவே, சர்வர் நிர்வகிக்கும் த்ரெட்டுகளை உருவாக்கும் மேனேஜ்டு த்ரெட் ஃபேக்டரியை இன்ஜெக்ட் செய்து கொடுங்கள் (ஜாவா ஈஈ 7 முதல் உண்டு). அதில் உருவாகாத த்ரெட்டில் ஆப்புக்குரிய ஜேஎன்டிஐ பெயர்கள் (சர்வரின் வளங்களைத் தேடி எடுக்கும் பெயர்கள்) கிடைக்காமல் போகலாம்.

ஈவென்ட்லூப்பில் டேட்டாபேஸைத் தொடவே கூடாது. ஒரு குவெரி 2 விநாடி இழுத்தால் அந்த லூப்பில் உள்ள எல்லா இணைப்புகளும் 2 விநாடி உறைந்து நிற்கும். வேலையை எக்ஸிக்யூட்டர் சர்வீஸுக்குத் தள்ளிவிடலாம்தான். ஆனால் இரண்டு பிழைகள் காத்திருக்கின்றன. வரும் செய்தியைக் கையாளும் சிம்பிள்சேனல்இன்பவுண்ட்ஹேண்ட்லர் தன் மெத்தட் முடிந்ததும் செய்தி இருக்கும் பஃபரை விடுவித்துவிடும், தள்ளிய வேலை அதைப் படிக்கும்போது இல்லீகல்ரெஃபரன்ஸ்கவுன்ட் எக்ஸப்ஷன் வரும். தள்ளும் முன் ரீடெய்ன் (பஃபரைப் பிடித்துவைப்பது), முடித்தபின் ஃபைனலியில் ரிலீஸ் (விடுவிப்பது) என்று எழுதித் தப்பிக்கலாம். இரண்டாவது பிழையான, ஒரே இணைப்பின் செய்திகள் வரிசை மாறுவதை அப்படித் தீர்க்க முடியாது. அதனால் டிஃபால்ட்ஈவென்ட்எக்ஸிக்யூட்டர்குரூப் ஒன்றை 16 த்ரெட்டோடு, அதே ஃபேக்டரியிலிருந்து உருவாக்கி, ஹேண்ட்லரை பைப்லைனில் (ஹேண்ட்லர்களின் வரிசையில்) சேர்க்கும்போது முதல் ஆர்க்யுமென்டாகக் கொடுப்பதே நல்ல வழி. ஓர் இணைப்பு எப்போதும் ஒரே த்ரெட்டில் ஓடும், வரிசை குலையாது, பஃபரும் பத்திரம். வேலையை முடிக்கும் பீன் ஸ்டேட்லெஸ்ஸாக இருக்கட்டும். சிங்கிள்டனின் மெத்தடுகளுக்கு இயல்பாகவே ரைட் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டுக்கே அனுமதி) என்பதால் 16 த்ரெட்டும் ஒற்றை வரிசையில் நின்றுவிடும்.

இனி நிறுத்துவது. பீன் அழியும் முன் ஓடும் ப்ரீடெஸ்ட்ராய் மெத்தடில் முதலில் சர்வர் சேனலை மூடுங்கள், பிறகு மூன்று குரூப்புக்கும் ஷட்டவுன்கிரேஸ்ஃபுலி. இயல்பில் அது 2 விநாடி அமைதிக்கும் அதிகபட்சம் 15 விநாடிக்கும் காத்திருக்கும். 0, 5 விநாடி என்று கொடுத்தால் போதும். முடியும்வரை சிங்க்அன்இன்ட்டரப்டிப்ளியால் காத்திருப்பதுதான் முக்கியம். காத்திராமல் திரும்பினால் ஆப்பின் கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர் போனபின்னும் த்ரெட்டுகள் ஓடி, நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட் பிழைகளைக் கொட்டும். சேனலை மூடாமல் விட்டால் அடுத்த டிப்ளாயில் போர்ட் ஏற்கெனவே பயனில் உள்ளதென்ற பிழை வரும்.

ஈஜேபி விதிப்படி பீன் சாக்கெட்டில் லிசன் செய்யக் கூடாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விதியும் டிரான்ஸாக்‌ஷனும் கறாராக வேண்டும் என்றால் நெட்டியை ரிசோர்ஸ் அடாப்டராக (வெளி அமைப்பை சர்வரோடு முறைப்படி இணைக்கும் கூறாக) கட்டி, செய்தி வந்ததும் ஓடும் மெசேஜ்டிரிவன் பீனிடம் செய்தியைக் கொடுங்கள். வேலை கூடுதல்தான், ஆனால் தொடங்குவதும் நிறுத்துவதும் முறைப்படி கன்டெய்னரின் கைக்குப் போய்விடும்.

எந்த வழியானாலும், விடுவிக்காமல் விட்ட பஃபர்களைக் காட்டிக்கொடுக்கும் லீக் டிடெக்‌ஷனை மிகக் கடுமையான பேரனாய்டு நிலையில் வைத்து, பத்து முறை ரீடிப்ளாய் செய்து, த்ரெட்டுகளைப் பட்டியலிடும் ஜேஸ்டேக்கில் பழைய த்ரெட் பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகே புரொடக்‌ஷனுக்கு அனுப்புங்கள்.