மழையில் கண்ணாடி மங்கினால்: ஏசியா, ஜன்னலா?

மழையில் மைலேஜ் எப்படியும் இறங்கும். டயர் தண்ணீரை விலக்கிக்கொண்டே உருள வேண்டும். குளிர்ந்த ரப்பர் உருளும் தடையையும் கூட்டும். அதனால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க, கண்ணாடி மங்கினாலும் ஏசியை அணைத்து ஜன்னலை இறக்குபவர்கள் உண்டு.

ஜன்னல்: நகருக்குள் 30 கி.மீ. வேகத்தில் இரண்டு விரற்கடை இறக்கினால் செலவு ஏதுமில்லை. சாரல் அடித்தால் கதவிலுள்ள பவர் விண்டோ சுவிட்ச் நனைந்து பழுதாகலாம். 80-ஐத் தாண்டினால் கதை வேறு: வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்கு.

ஏசி: கம்ப்ரசர் எஞ்சினின் சக்தியைத் தின்னும், நெரிசலில் ஊரும்போது அது நன்றாகத் தெரியும். ஆனால் காற்றின் ஈரத்தைக் கூலிங் காயிலில் படியவைத்து வெளியே வடிப்பது இதுதான். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிக்காற்று உள்ளே வரட்டும். 24-25 டிகிரி போதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கினால் குளிர் அதிகம் என்று பொருள்: வைப்பரைப் போட்டு, வெப்பநிலையை ஏற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் யோசிக்கவே வேண்டாம், ஏசிதான். கண்ணாடி தெளிந்ததும் ஏசியை அணைத்துவிடுவது பொய்யான சிக்கனம். காயிலில் தங்கிய நீர் ஆவியாகிக் கண்ணாடியை மறுபடி மங்கவைக்கும்.