உத்திரத்தில் தொங்கும் வார்: மூன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு

செங்கோட்டையில் மர அறுவை மில்லில் கணக்குப் பார்க்கிறேன். தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலி. மாதத்தில் ஏழெட்டு நாள் தென்மலை, புனலூர் பக்கம் மர ஏலத்துக்குப் போய் லாட்ஜில் தங்கல். நாற்பத்து மூன்று வயதில் இடது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே சிரமமான பிறகுதான் உடற்பயிற்சி பற்றி யோசித்தேன். வலி அடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் சொன்னது ஒரே விஷயம்: "முதுகுக்கு இழுக்கிற வேலை கொடுங்க."

இந்த 'இழுக்கிற வேலை'தான் வீட்டில் கிடைக்காது. தண்டால் எடுக்கலாம், பஸ்கி போடலாம். அதற்குத் தரை போதும். ஆனால் தண்டால் தள்ளுகிற பயிற்சி, பஸ்கி காலுக்கு. கிணற்றில் வாளி இறைத்த காலத்தில் தோளுக்கும் முதுகுக்கும் தானாகக் கிடைத்த வேலை, மோட்டார் வந்தபின் போய்விட்டது. தொங்கு வார், அதாவது சஸ்பென்ஷன் டிரெய்னர், அந்தக் குறையைத் தீர்க்கிறது. உயரத்தில் ஓர் இடத்தில் மாட்டிய வார், முனையில் இரண்டு கைப்பிடி. பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து, நெஞ்சு கைப்பிடிக்கு வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் சுலபம். கால்களை முன்னால் நகர்த்தி, உடம்பைத் தரைக்குச் சரிக்கச் சரிக்கக் கனம் ஏறும். எடைக்கல் எதுவும் வேண்டாம். ஒரு எட்டு முன்னே வைத்தால் கூடுதல் கனம், ஒரு எட்டு பின்னே வைத்தால் குறைவு.

இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் இருந்த ராண்டி ஹெட்ரிக். 1997-இல் வெளிநாட்டுப் பணியில் இருந்தபோது, கையிலிருந்த ஜியு-ஜிட்சு பெல்ட்டையும் பாராசூட் வாரையும் சேர்த்துத் தைத்து முதல் வாரைச் செய்தார். பிறகு அதுதான் டிஆர்எக்ஸ் ஆனது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, ஜிம் இல்லாத இடத்தில், பைக்குள் அடங்குகிற பொருளாக அது பிறந்தது என்பதுதான். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் அலைகிற எனக்கு வேண்டியதும் அதுவே.

முதலில் வாங்கியது ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஒரு செட். படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. நான்காவது மாதம், பின்னால் நன்றாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தபோது இடது பக்க பக்கிள் வழுக்கியது. வார் ஒரு சாண் இறங்கிவிட்டது. மல்லாக்க விழுந்தேன், நல்லவேளை, கீழே ஜமுக்காளம் விரித்திருந்தேன். எழுந்து உட்கார்ந்து பக்கிளைப் புரட்டிப் பார்த்தேன். வாரைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பற்கள் மொண்ணையாகித் தேய்ந்திருந்தன. பற்கள் கடித்த இடத்தில் வாரின் ஓரம் பஞ்சு மாதிரி நூல் விட்டிருந்தது. கொக்கியைப் பார்த்தால் சாவிக்கொத்தில் மாட்டுகிற ரகம், அதில் ஓர் எண்கூட இல்லை. மில்லில் ஒரு சங்கிலி வந்தால் முதலில் அதில் அடித்திருக்கும் எண்ணைத்தான் பார்ப்போம். என் உடம்பைத் தொங்கவிடும் கொக்கியில் அதைப் பார்க்காமல் விட்டது என் தப்பு.

எனவே யார் கேட்டாலும் முதலில் கொக்கியைத்தான் சொல்கிறேன். வாய் மூடிக்கொள்ளும் இந்தக் கொக்கிக்குக் கராபினர் என்று பெயர். நல்ல கராபினரில் கேஎன், அதாவது கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடையின் விசை. மலையேறுகிறவர்கள் பயன்படுத்துவதில் 20-க்கு மேல் இருக்கும். நமக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் எண்ணே இல்லாத கொக்கியைச் சோதித்தவர் யாரும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தையல். வார் மடிந்து கைப்பிடியைப் பிடிக்கும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டிபோல் நெருக்கித் தைத்திருக்க வேண்டும். ஒற்றை வரிசைத் தையல் என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். எல்லோரும் எந்தக் கம்பெனி வார் என்று கேட்கிறார்கள். அதை எங்கே மாட்டப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அந்த இடத்தைப் பொறுத்துத்தான் வாங்க வேண்டிய பொருள் மாறும்.

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் மலை மரத்துக்குப் பஞ்சமே இல்லை. நடு அறையில் ஆறுக்கு எட்டு அங்குலத் தேக்கு உத்திரம், அதன்மேல் சட்டங்கள், அதற்கும் மேல் மச்சுப் பலகை. ஒரு கண் போல்ட்டை உத்திரத்தில் முடுக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேலைக்கு வந்த ஆசாரி விடவில்லை. "அண்ணாச்சி, இந்த மரத்துல ஓட்டை போடாதீங்க. அந்த வழியாத்தான் ஈரம் இறங்கும். மேல சுத்திப் போடுங்க, உத்திரம் தாங்கும்" என்றார்.

சுற்றுவதற்கு முன்பு மரத்தைப் பார்க்க வேண்டும். சுத்தியல் காம்பால் உத்திரம் நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல மரம் 'கிண்' என்று பேசும். உளுத்த மரத்தில் 'பொத்' என்று சத்தம் அமுங்கும். எங்கள் உத்திரம் நடுவில் முழுக்கக் கிண்ணென்று இருந்தது. மேற்குச் சுவருக்குள் நுழையும் முனையில் மட்டும் சத்தம் மாறியது. உளி நுனியால் குத்தினால் கால் அங்குலம் சுலபமாக இறங்கியது. பழைய வீடுகளில் உத்திரம் முதலில் கெடுவது அங்கேதான். சுவரின் ஈரத்தை முனை குடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் உத்திரம் இருந்தால், நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், இரண்டு முனையையும் குத்திப் பாருங்கள். நாங்கள் மேற்கு முனைக்கு அடியில் ஒரு தாங்கு கட்டை கொடுத்துவிட்டு, கிழக்குச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி மாட்டினோம். நட்ட நடுவில் மாட்டினால் உத்திரம் அதிகம் வளையும். சுவரை ஒட்டி வர வர வளைவு குறையும்.

சுற்றுவதற்கு எடுத்தது மில்லில் மரம் தூக்கும் அதே ரக பாலியஸ்டர் ஸ்லிங், அதாவது இரண்டு முனையிலும் காதுபோல் மடித்துத் தைத்த பட்டை. இந்த ஸ்லிங்குகளில் நிறத்தைப் பார்த்தே தாங்குதிறன் சொல்லிவிடலாம்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். ஒன்றரை மீட்டரில் ஊதா ஒன்று போதும். மில்லில் கிடந்த பழையதை எடுக்காமல் புதிதாக வாங்கினேன். உத்திரத்துக்கு மேலாகப் போட்டு, இரண்டு காதுகளையும் கீழே ஒரே டி ஷேக்கிளில் (முள் முடுக்கி மூடும் இரும்பு வளையத்தில்) சேர்த்துவிட்டால் எடை இரண்டு பக்கமும் பிரியும். ஒரு காதுக்குள் மற்றதை நுழைத்துச் சுருக்குப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் தாங்குதிறன் ஐந்தில் நான்காகக் குறையும். உத்திரத்தின் விளிம்புகள் ஸ்லிங்கை அறுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து மூலைகளில் வைத்திருக்கிறேன். ஷேக்கிள் தரையிலிருந்து எட்டடியில் நிற்கிறது. ஏழிலிருந்து ஒன்பதடி வரை சரியான உயரம்.

உத்திரம் இல்லாத வீடுகளுக்குக் கதவு ஆங்கர் வரும். கனத்த பஞ்சு உருளையைக் கதவின் மேல் விளிம்புக்கு அந்தப் பக்கம் போட்டு, கதவைச் சாத்தி, இந்தப் பக்கம் வரும் காதில் வாரை மாட்டுவது. இதில் திசைதான் எல்லாம். நீங்கள் இழுக்கும்போது கதவு நிலையோடு அழுந்த வேண்டும். உங்களை நோக்கித் திறக்கும் கதவானால் உங்கள் முழு எடையையும் ஒரு தாழ்ப்பாள்தான் தாங்குகிறது. லாட்ஜ் அறைக் கதவுகள் பெரும்பாலும் உள்நோக்கித்தான் திறக்கும், அதாவது அறைக்குள் நிற்கும் நமக்குத் தப்பான திசை. சரியான திசையில் திறக்கும் குளியலறைக் கதவோ அநேகமாகப் பிவிசி. புனலூரில் தங்கிய முதல் இரவே இது புரிந்துவிட்டது. மலிவு ஃபிளஷ் கதவுகளையும் நம்பாதீர்கள். மேலே அழகான பிளை, உள்ளே துண்டுக் கட்டையும் வெற்றிடமும். அறுத்துப் பார்த்தவன் சொல்கிறேன். பழைய இரட்டைக் கதவுகளும் இதற்கு ஆகாது. கனமான ஒற்றைக் கதவு, சரியான திசை, சாவி போட்டுப் பூட்டியது, மறுபக்கம் 'திறக்காதே' என்று ஒரு தாள். இவை இருந்தால் மட்டும் கதவில் மாட்டுங்கள்.

பயணத்தில் நான் கண்டுபிடித்த வழி மரம். தென்மலையில் தெரிந்தவர் வீட்டு வாசலில் ஒரு அயினி நிற்கிறது. பட்டை உரியாமலிருக்க அடியில் சாக்கை மடித்து வைத்து, பயணத்துக்கென்று வைத்திருக்கும் இன்னொரு ஸ்லிங்கைத் தடித்த கிளையில் சுற்றினால் ஐந்து நிமிட வேலை. வாரும் ஸ்லிங்கும் சேர்ந்து இரண்டு கிலோ வராது, சாப்பாட்டுத் தூக்கு வைக்கிற பையிலேயே கிடக்கும். 2018-இல் அகலப்பாதை முழுதாகத் திறந்த பிறகு ரயிலில்தான் போகிறேன். பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டித் தென்மலையில் இறங்கி, ஏலத்துக்கு முன் அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட முடிகிறது.

மழைக்கு வருவோம். ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று அடிக்கும் ஊர் எங்களுடையது. ஜூன் தொடங்கினால் குற்றாலத்துச் சாரல் எங்கள் வீட்டுக்குள்ளும் வரும். முதல் செட்டின் ஃபோம் கைப்பிடிகளில் ஒரே சீசனில் கறுப்புப் பூசணம் புள்ளி வைத்தது. வியர்வையும் ஈரமும் உறிஞ்சிய ஃபோம் காயவே இல்லை. இரண்டாவதாக வாங்கிய செட்டில் ரப்பர் கைப்பிடி. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாரிலும் இதே பாடம். நைலான் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் நீளும். பாலியஸ்டர் அவ்வளவாகக் குடிக்காது. மலையோர ஊர்க்காரர்கள் பாலியஸ்டரையே கேட்டு வாங்குங்கள். ஆனால் இரண்டுக்கும் வெயில் ஆகாது. மொட்டை மாடியில் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் நூல் வெளுத்துப் பலம் போய்விடும். பயிற்சி முடிந்ததும் கழற்றி, மின்விசிறிக்கு அடியில் உலர்த்தி, உள்ளே வைப்பேன்.

இந்த இரண்டாவது செட் மூவாயிரத்துக்குள் வாங்கியது. மூன்று வருடமாக வாரத்துக்கு நான்கு நாள் தொங்குகிறேன், பக்கிள் ஒரு தடவைகூட நழுவவில்லை. நடுவில் ஒரு வாரம் திருநெல்வேலி நண்பரின் டிஆர்எக்ஸை இரவல் வாங்கிப் பார்த்தேன். கால் மாட்டும் வளையத்தில் அது ஒரு படி மேல். பாதம் நழுவாமல் நிற்கிறது, உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்க் செய்யும்போது அந்த வித்தியாசம் தெரியும். இன்னொன்று, இரண்டு கைக்கும் ஒரே வார் மேலே ஒரு வளையத்தின் வழியாக ஓடுவதால், கை சமமாக இல்லாவிட்டால் மலிவு வார் ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் அறுக்கும். டிஆர்எக்ஸில் பூட்டு வளையம் இருப்பதால் அப்படி ஓடவில்லை. பல மடங்கு விலைக்கு அது நியாயமா என்றால், ஜிம் நடத்துகிறவருக்கு நியாயம். எனக்கு இல்லை. அதே பெயரைப் போட்டு வரும் போலிகளும் ஏராளம், பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

உத்திரம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ஜிம்னாஸ்டிக் வளையங்கள். தனித்தனியாக இரண்டு வார், இரண்டு மர வளையம். போட்டி வளையங்கள் 28 மில்லிமீட்டர் தடிமன், இரண்டுக்கும் நடுவே 50 சென்டிமீட்டர் இடைவெளி. என் மகன் அதைத்தான் கேட்டு வாங்கினான், உத்திரத்தில் தொங்கி உடம்பை மேலே தூக்குகிறான். மரம் வியர்வையில் வழுக்காது. பிளாஸ்டிக் வளையம் வழுக்கும். ஆனால் கால் வைக்க வசதி இல்லை, ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு பக்கமும் நீளம் சமமாக்க நேரம் பிடிக்கும். தோள் பழுதானவர்கள் வளையத்தில் தொடங்க வேண்டாம்.

எதிர்பாராத பயன் அப்பாவுக்கு. எழுபத்தாறு வயது, தாழ்வான நாற்காலியிலிருந்து எழ முட்டி ஒத்துழைப்பதில்லை. கைப்பிடிகளை அவர் இடுப்பு உயரத்துக்கு வைத்து, பின்னால் ஸ்டூல் போட்டேன். இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருவார், எழுவார். முதல் வாரம் ஐந்து தடவை. வாரை இழுத்துத்தான் எழுந்தார், விரல் கணுவெல்லாம் வெளுத்துவிடும். இப்போது பதினைந்து தடவை, வாரைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறார், பாதி எடைகூடக் கையில் இல்லை. நான் பக்கத்தில் நிற்காமல் செய்ய விடுவதில்லை. காலையில் காபி குடித்ததும் அவரே கூப்பிடுவார்: "எய்யா, வாரை இறக்கி விடு."

அதனால் இப்போது பராமரிப்பை இன்னும் கவனமாகச் செய்கிறேன். மாதம் ஒரு முறை வார் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பேன், பக்கிள் பற்களைப் பழைய பல் பிரஷால் தேய்ப்பேன், ஷேக்கிள் முள்ளை முடுக்குவேன். போன வாரம் பார்த்தபோது உத்திரத்து ஊதா ஸ்லிங்கில், சைக்கிள் டியூப் விலகியிருந்த மூலையில், அரை அங்குலத்துக்கு நூல் எழும்பியிருந்தது. இன்னும் தாங்கும்தான். ஆனாலும் கழற்றிவிட்டேன், புதியது மாட்டும்வரை அப்பாவுக்கும் எனக்கும் விடுமுறை. பழையதைக் கத்தியால் மூன்று துண்டாக வெட்டிப் போட்டேன். முழுசாகக் கிடந்தால் மில்லில் யாராவது எடுத்து மரம் தூக்கிவிடுவார்கள்.